கூரைக்கு ஏறும் முன் சில்லர் அறைக்குப் போங்கள்

கேள்வி இது: "பினாங்கில் ஓர் அரசாங்க இலாகாவில் வேலை செய்கிறேன், அண்ணா. எங்கள் கட்டடம் 1980-களில் கட்டியது. 12 மாடி, மொத்தம் 10,000 சதுர மீட்டர். மின்சார பில் மாதம் 80,000 ரிங்கிட் வருகிறது. பசுமைக் குழு அமைத்து என்னையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். கூரையில் சோலார் போட்டால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். பெரிய ஒதுக்கீடு எதுவும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?"

தங்கச்சி, நான் 26 வருடமாகக் கட்டடங்களின் ஏர்கோன், மின்சார வேலைகளில் இருக்கிறேன். கடைசிப் பத்து வருடம் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் எரிசக்தி நிர்வாகியாக வேலை. நீங்கள் கேட்டதைப் போல ஒரு நூறு பேராவது கேட்டிருப்பார்கள். எல்லாருமே சோலாரில்தான் ஆரம்பிப்பார்கள். அதனால் முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

10,000 சதுர மீட்டரை 12 மாடிக்குப் பிரித்தால் ஒரு மாடிக்கு 830 சதுர மீட்டர் சொச்சம். உங்கள் கூரையும் அவ்வளவுதான். அதில் ஏர்கோனின் சூட்டை வெளியே விடும் கூலிங் டவர் நிற்கிறது, லிஃப்ட் மோட்டார் அறை இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, நடக்க வழியும் வேண்டும். பாதி இடம் கிடைத்தாலே பெரிது. 400 சதுர மீட்டரில் ஏறக்குறைய 80 கிலோவாட் சோலார் போடலாம். நம் நாட்டு வெயிலுக்கும் மேகத்துக்கும் ஒரு கிலோவாட் தகடு வருடத்துக்கு 1,200, 1,300 யூனிட் தரும். ஆக வருடத்துக்கு ஒரு லட்சம் யூனிட். உங்கள் பில்லை யூனிட்டுக்கு 50 சென் என்று வைத்து வகுத்தால் கட்டடம் தின்பது வருடத்துக்கு 19 லட்சம் யூனிட். கூரை முழுக்கத் தகடு அடுக்கினாலும் இருபதில் ஒரு பங்குதான் குறையும். அதிலும் ஒரு பகுதி சனி, ஞாயிறு ஆபீஸ் மூடியிருக்கும்போது வருவது, முழுதாகப் பயன்படாது.

சோலார் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இரண்டு மாடித் தமிழ்ப்பள்ளிக்கு நான் முதலில் சொல்வதே சோலார்தான். அங்கே கூரை அகலம், உள்ளே மின்விசிறியும் விளக்கும்தான், வேலை நடப்பதும் பகலில்தான். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கேட்டால் தயங்காமல் போடச் சொல்வேன். 12 மாடி ஆபீஸ் கட்டடத்தின் உடம்பு வேறு. அதற்குக் கூரை சின்னது, வயிறு பெரியது.

அந்த வயிறு ஏர்கோன். மலேசிய அலுவலகக் கட்டடங்களில் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் குளிரூட்டலுக்கே போகிறது. ஆகவே, எல்லா மாடி ஏர்கோனுக்கும் குளிர்நீர் தயாரித்து அனுப்பும் பெரிய இயந்திரமான சில்லர் இருக்கும் அறையில் தொடங்குங்கள். அதற்கும் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு வாரநாள் இரவு பத்து மணிக்கு, மேலதிகாரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, கட்டடப் பராமரிப்பாளரையும் கூட்டிக்கொண்டு, மாடி மாடியாக நடந்து பாருங்கள்.

ஏன் இரவில் என்கிறேன் என்றால், ஒரு வருடத்தில் 8,760 மணி நேரம் இருக்கிறது. வார இறுதியும் பொது விடுமுறையும் போக, காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை ஆபீஸ் நடப்பது 2,200, 2,300 மணி நேரம்தான். மீதி முக்கால் பங்கு நேரம் கட்டடத்தில் ஆளே இல்லை. அந்த நேரத்தில் 60 கிலோவாட் சும்மா ஓடிக்கொண்டிருந்தால், 6,500 மணி நேரத்துக்கு 390,000 யூனிட். நீங்கள் கூரை நிறைய சோலார் போட்டு எடுப்பதைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. இதை நிறுத்தப் பெரிய செலவு இல்லை. எங்கே ஓடுகிறது என்று தெரிந்தால் போதும்.

நான் பார்த்த ஒரு கட்டடத்தில் இரவெல்லாம் பெரிய சில்லர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பம்ப், கூலிங் டவர், எல்லாம் கூடவே. காரணம் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. மாடி மாடியாகத் தேடிப் போனதில் ஏழாவது மாடியில் ஒரு சர்வர் அறை. ஒரு படுக்கையறை அளவுதான் இருக்கும். பல வருடங்களுக்கு முன் யாரோ அதை மையக் குளிரூட்டலோடு இணைத்துவிட்டார்கள். அந்த ஓர் அறைக்காகக் கட்டடத்தின் இதயமே ராத்திரி முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. தனியாக இரண்டு ஸ்ப்ளிட் ஏர்கோன் மாட்டினோம், ஒன்று ஓட, ஒன்று மாற்றுக்கு. அடுத்த மாதப் பில்லைப் பார்த்த நிர்வாக அதிகாரி மீட்டர் பழுதாகிவிட்டது என்றே நினைத்தார். உங்கள் கட்டடத்திலும் சர்வர் அறை, பாதுகாவலர் அறை, இரவில் பயன்படும் சூராவ் (தொழுகை அறை) என்று ஏதாவது ஒன்று முழுக் கட்டடத்தையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், காலையில் சில்லரை எத்தனை மணிக்குத் தட்டி ஓட விடுகிறார்கள் என்று கேளுங்கள். ஐந்தரைக்கே தட்டுகிற கட்டடங்கள் நிறைய உண்டு. முன்னொரு காலத்தில் ஒரு பெரிய அதிகாரி காலையில் புழுக்கமாக இருந்தது என்று சொல்லியிருப்பார், அன்று மாற்றியது அப்படியே நின்றுவிடும். ஒரு வாரம் ஆறே முக்காலுக்குத் தட்டிப் பாருங்கள், அடுத்த வாரம் ஏழு மணிக்கு. யாராவது புகார் சொன்னால் கால் மணி நேரம் முன்னே தள்ளலாம். மாலையில் ஐந்து மணிக்கு ஆபீஸ் முடிந்தால் நாலரைக்கே சில்லரை நிறுத்திவிட்டு பம்பை மட்டும் ஓட விடலாம். குழாயில் நிற்கிற குளிர்ந்த தண்ணீரே கடைசி அரை மணி நேரத்தைச் சமாளிக்கும். திங்கட்கிழமை மட்டும் வேறு கதை. இரண்டு நாள் சூடேறிய சுவரைக் குளிரவைக்க அன்று கொஞ்சம் முன்னே தொடங்க வேண்டியிருக்கும். அன்றும் எல்லா இயந்திரங்களையும் ஒரே நேரத்தில் தட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டச் சொல்லுங்கள். உங்கள் கட்டண வகையைப் பொறுத்து, மாதத்தில் ஏதோ ஓர் அரை மணி நேரம் எட்டிய உச்ச அளவுக்கும் மின்சார நிறுவனமான டி.என்.பி. தனியாகக் காசு வாங்கும்.

இனி, எல்லாரும் பேசுகிற 24 டிகிரி. அரசாங்க அலுவலகங்களில் ஏர்கோனை 24 டிகிரிக்குக் கீழே வைக்கக் கூடாது என்ற உத்தரவு பல வருடமாக இருக்கிறது. ஆனாலும் ஆபீசுக்குள் போனால் பெண்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், மேசைக்கு அடியில் சின்ன ஹீட்டர்கூட நான் பார்த்திருக்கிறேன். இதற்கு மனிதர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் தெர்மோஸ்டாட் ஃபோட்டோஸ்டாட் இயந்திரத்துக்கு மேலே மாட்டியிருக்கும், சூட்டை உணர்ந்து மாடி முழுக்கக் குளிரைக் கொட்டும். இல்லையென்றால் குளிர்நீர் வால்வு திறந்த நிலையிலேயே சிக்கியிருக்கும். சுவரில் நீங்கள் 24 என்று வைத்தாலும் 20 என்று வைத்தாலும் அதற்கு ஒன்றுதான்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் நல்லது செய்யப் போய்க் கட்டடத்தைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் ஊர்க் காற்று ஈரமான காற்று. பினாங்கில் பெரும்பாலான நாட்களில் வெளிக்காற்றை 24 டிகிரி சுமாருக்குக் குளிரவைத்தாலே அதிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கிவிடும். ஏர்கோன் செய்கிற வேலையில் ஒரு பெரிய பங்கு அந்த ஈரத்தைப் பிழிந்து வெளியே விடுவதுதான். அதற்காகத்தான் குளிர்நீர் ஏழு டிகிரி அளவில் ஓடுகிறது. மின்சாரம் மிச்சம் என்று குளிர்நீரின் வெப்பத்தை ஒரேயடியாக உயர்த்தினால், அறை 24 டிகிரியில் இருக்கும், ஈரம் மட்டும் போகாது. இரண்டு மாதத்தில் சீலிங்கில் கறுப்புப் பூஞ்சை, கோப்புகளில் வாடை, ஊழியர்களுக்குத் தும்மல். உடனே "பசுமைக் குழுதான் காரணம்" என்று பேச்சு கிளம்பும். நம் நாட்டுக் கட்டட எரிசக்தித் தர ஆவணமான எம்.எஸ். 1525 வெப்பத்தோடு ஈரப்பதத்தையும் சேர்த்தே சொல்கிறது: 50 முதல் 70 சதவீதம். வெப்பமும் ஈரமும் காட்டும் சின்னக் கருவி மலிவு. மாடிக்கு ஒன்று வாங்கி வையுங்கள். 24, 25 டிகிரியில் ஈரம் 65-க்குள் இருந்தால் யாருக்கும் புழுங்காது. ஈரம் 75-க்கு மேல் போனால் 22 டிகிரியில்கூட உடம்பு பிசுபிசுக்கும், ஊழியர்கள் இன்னும் குறைக்கச் சொல்வார்கள்.

ஈரம் எப்படி உள்ளே வருகிறது? சரியாக மூடாத லாபிக் கதவு, கழிவறையின் வெளியேற்று விசிறி இழுக்கிற காற்று, வாடை போகட்டும் என்று யாரோ திறந்துவைத்த ஜன்னல். ஒரு நாள் முழுக்கத் திறந்து கிடக்கும் ஜன்னல் ஒரு மாடியின் ஏர்கோனையே தோற்கடிக்கும். இவற்றை அடைப்பது தச்சு வேலை, சிலிக்கான் வேலை. ஒவ்வொரு மாடியிலும் உள்ள ஏ.எச்.யூ. என்னும் காற்றூட்டிப் பெட்டியின் காயிலை, அதாவது குளிர்நீர் ஓடும் குழாய்ச் சுருளை, நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். மேலோட்டமாகத் தண்ணீர் அடித்துவிட்டுப் போகாமல், மருந்து போட்டு, பின்பக்கத்திலும். தூசி அடைத்த காயில் ஈரத்தையும் பிழியாது, காற்றையும் விடாது.

சில்லர் அறையில் மின்சாரத்தைத் தின்பது சில்லர் மட்டுமில்லை. பம்பும் விசிறியும் கணிசமாகத் தின்னும், பழைய கட்டடங்களில் அவை எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். இவற்றுக்கு வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஸ்.டி. பொருத்துவதைப்போலச் சீக்கிரம் காசைத் திருப்பித் தரும் வேலை வேறு இல்லை என்பது என் அனுபவம். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், இந்த இயந்திரங்களின் இயற்பியல் அப்படி. சில்லரையே மாற்றுவது பெரிய செலவு. 20 வருடத்துக்கு மேலான சில்லர் ஒரு டன் குளிருக்கு ஒரு கிலோவாட் வாங்கும், புதியவை 0.6-க்கும் கீழே. மாற்றும் காலம் வந்தால் ஒன்றே ஒன்று சொல்வேன்: பழைய சில்லரின் அளவை அப்படியே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் விளக்கு, ஜன்னல், கசிவு எல்லாம் சரிசெய்து தேவையைக் குறைத்துவிட்டு, அப்புறம் அளந்து வாங்கினால் சின்னதே போதும். பெரியதை வாங்கி அரைகுறையாக ஓட்டுவது வாழ்நாள் தண்டச் செலவு.

வெயிலைப் பற்றியும் பேசியாக வேண்டும். கோலாலம்பூரில் நாடாளுமன்றக் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள், அன்னாசிப்பழத் தோல் மாதிரி முகம் கொண்டது. 1963-இல் திறந்த அந்தக் கட்டடத்தின் அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வெயில் தடுப்பு. பொதுப்பணித் துறையான ஜேகேஆரில் இருந்த ஐவர் ஷிப்லி என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. கண்ணாடியில் வெயில் விழும் முன்னே அதை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. ஜார்ஜ்டவுன் பழைய கட்டடங்களின் ஆழமான தாழ்வாரமும், நம் தாத்தாக்கள் நடந்த ஐந்தடி நடைபாதையும் அதே வேலையைத்தான் செய்தன. ஏர்கோன் மலிவாகக் கிடைத்தபின் அந்த அறிவை நாம் கைவிட்டுவிட்டோம் என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

உங்கள் கட்டடத்தில் மேற்கு முகத்தைப் பாருங்கள். நாம் பூமத்திய ரேகைக்கு ஐந்து டிகிரி பக்கத்தில் இருப்பதால் வடக்கும் தெற்கும் அவ்வளவாகச் சுடாது. கிழக்கும் மேற்கும்தான் அடி வாங்கும், அதிலும் மேற்கு பிற்பகல் இரண்டிலிருந்து. உள்ளே திரை போடுவது கண்கூச்சத்துக்கு உதவும், சூட்டுக்கு அல்ல, கண்ணாடியைத் தாண்டிய சூடு உள்ளே வந்ததுதான். வெளியே தகடோ கம்பிவலையோ மாட்ட முடிந்தால் அதற்கு இணை இல்லை. முடியாவிட்டால் நல்ல வெப்பத் தடுப்பு ஃபிலிம். கறுப்பாக இருப்பதை வாங்காதீர்கள். வெளிச்சம் போய்விடும், பகலிலேயே விளக்கைப் போட வேண்டி வரும். வெளிச்சத்தை விட்டுச் சூட்டைத் தடுப்பவை கிடைக்கின்றன.

விளக்கைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய 36 வாட் குழல் விளக்கு அதன் சோக்கோடு சேர்த்து 45 வாட் வரை இழுக்கும், எல்.இ.டி. 18 வாட்டில் முடியும், சூடும் குறையும். ஒரு சுவிட்ச் பாதி மாடியை எரியவைக்கிறதென்றால் அதைப் பிரிக்கச் சொல்லுங்கள், ஜன்னலோர வரிசை தனியாக இருக்கட்டும்.

பசுமை என்றால் மின்சாரம் மட்டுமா என்றால், இல்லை. பழைய ஸ்ப்ளிட் ஏர்கோன்களில் ஆர்-22 வாயு இருக்கிறதா என்று பாருங்கள். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் உலகமே படிப்படியாகக் கைவிடும் வாயு அது. ஒரு கிலோ கசிந்தால் காற்றில் 1,800 கிலோ கரியமில வாயு விட்டதற்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். வருடா வருடம் "கேஸ் டாப்-அப்" பில் வருகிறதென்றால் அங்கே ஓட்டை இருக்கிறது, அடைக்காமல் மேலும் மேலும் நிரப்புகிறார்கள் என்று பொருள். தண்ணீரில், கழிவறைத் தொட்டியும் கூலிங் டவரும்தான் பெரிய குடிகாரர்கள். பினாங்கில் பெய்கிற மழைக்கு ஒரு தொட்டி வைத்துப் பிடித்துக் கழிவறைக்கு விடுவது சுலபம். தண்ணீர் பில்லில் பெரிய மிச்சம் வராது, ஆனால் இந்த மாநிலத்துத் தண்ணீரில் பெரும்பங்கு சுங்கை மூடா என்ற ஒரே ஆற்றை நம்பியிருக்கிறது. அதற்காகவே செய்ய வேண்டிய வேலை.

பணம் இல்லை என்றீர்கள். அரசாங்கக் கட்டடங்களின் உண்மையான முடிச்சு அங்கேதான் இருக்கிறது. மின்சார பில் நடைமுறைச் செலவிலிருந்து போகிறது, புதுச் சில்லர் மேம்பாட்டுச் செலவிலிருந்து வர வேண்டும். ஒரு பையில் மிச்சம் பிடித்தால் இன்னொரு பைக்கு வராது. மிச்சம் பிடித்த இலாகாவுக்கு அடுத்த வருடம் ஒதுக்கீடு குறையும் என்ற பயமும் இருக்கிறது. இதற்காக வந்ததுதான் எரிசக்திச் செயல்திறன் ஒப்பந்தம் என்ற முறை. எஸ்கோ என்று சொல்லப்படும் நிறுவனம் தன் காசில் சில்லரையோ விளக்கையோ மாற்றும். பில்லில் குறைகிற தொகையிலிருந்து சில வருடங்களுக்கு அதற்குப் பங்கு போகும். குறையவில்லையென்றால் நட்டம் அவர்களுக்கு. நல்ல முறைதான், ஆனால் சண்டையெல்லாம் ஒரே இடத்தில் வரும்: "குறைவதற்கு முன் எவ்வளவு இருந்தது?" ஊழியர் எண்ணிக்கை மாறினால், ஒரு மாடி காலியானால், அந்தப் பழைய கணக்கை எப்படித் திருத்துவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். நான் சொன்ன நேரக்கட்டுப்பாடு, கசிவு அடைப்பு, சர்வர் அறை வேலைகளை எஸ்கோ வரும் முன்பே நீங்களே முடித்துவிடுங்கள். காசில்லாமல் கிடைக்கும் மிச்சத்தைப் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.

மேலதிகாரியிடம் பேச உங்களுக்கு ஓர் எண் வேண்டும். 19 லட்சம் யூனிட்டை 10,000 சதுர மீட்டரால் வகுத்தால் 190. இதுதான் கட்டடத்தின் எரிசக்திக் குறியீடு, சதுர மீட்டருக்கு வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று. சாதாரண ஆபீஸ்கள் 200-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும். 2004-இல் புத்ராஜெயாவில் எரிசக்தி அமைச்சுக்காகக் கட்டிய லியோ கட்டடம் 100-ஐ ஒட்டி வந்தது. 2010-இல் முடிந்த எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடம், அதே புத்ராஜெயாவில், 65-ஐ ஒட்டி இறங்கியது. சுவர்கள் வெளிப்பக்கமாக 25 டிகிரி சாய்ந்து தனக்குத்தானே நிழல் தரும், இரவில் குளிர்நீரைத் தளத்துக்குள் ஓட்டிக் கான்கிரீட்டையே குளிரவைத்துப் பகலைச் சமாளிக்கும். அவை புதிதாகத் திட்டமிட்டுக் கட்டியவை, உங்கள் 1980-களின் கட்டடத்தை 65-க்குக் கொண்டுபோக முடியாது. 140 முடியும் என்று நான் நம்புகிறேன். வருடத்துக்கு 5 லட்சம் யூனிட், 250,000 ரிங்கிட். இன்னொன்று: 2025 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டம் 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள அலுவலகக் கட்டடங்களுக்கு இந்தக் குறியீட்டை வைத்துத்தான் நட்சத்திர முத்திரை கேட்கிறது. உங்கள் கட்டடம் அந்த அளவைத் தாண்டியது. சட்டத்தின் அந்தப் பக்கத்தை அச்சிட்டுக் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள், "பிறகு பார்க்கலாம்" என்ற பதில் வராது.

கூட்டத்துக்கு யாரை அழைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சில்லர் அறையைப் பார்த்துக்கொள்ளும் சார்ஜ்மேனையும் ஏர்கோன் டெக்னீஷியனையும் அழையுங்கள். பசுமைக் குழு என்றால் அதிகாரிகளும் கிராணிகளும் உட்கார்ந்து போஸ்டர் வரைவதாகவே இருக்கிறது. அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு சத்தமும் தெரிந்த மனிதர் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருப்பார், அவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். ஏழாவது மாடிச் சர்வர் அறையை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் அப்படி ஒருவர்தான். அவருக்குப் பல வருடமாகத் தெரியும், யாரும் கேட்கவில்லை.

அடுத்து எழுதும்போது மூன்றை அனுப்புங்கள்: கடைசி 12 மாத பில், மீட்டரிலிருந்து எடுத்த ஒரு வாரத்து அரை மணி நேரக் கணக்கு (டி.என்.பி.யிடம் கேட்டால் தருவார்கள்), பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்த மேற்குச் சுவரின் படம். இரவு பத்து மணிக்கு நடந்துபோய்ப் பார்த்ததில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் மாடிவாரியாக எழுதுங்கள். அதை வைத்து எந்த மாடியில் முதலில் கை வைப்பது என்று சொல்கிறேன்.